சிறு விமானங்களுக்கு விமானிகள் எங்கே?
வட்டார விமான நிறுவனங்களில் ஆள்சேர்ப்பும் ஊதியமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷயானைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய கிரேட் லேக்ஸ் என்னும் விமான நிறுவனம் 2018 மார்ச் 26 அன்று தன் பயணச் சேவையை நிறுத்திக்கொண்டது. பத்தொன்பது இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களை, பெரு நிறுவனங்கள் எட்டிப் பாராத சிற்றூர்களுக்குச் செலுத்திவந்த நிறுவனம் அது. பல ஊர்களில் பயணிகள் இருந்தனர். அரசின் மானியமும் இருந்தது. விமானங்களும் கைவசம் இருந்தன. அவற்றைச் செலுத்துவோர்தாம் போதிய எண்ணிக்கையில் கிட்டவில்லை. 2014-இலேயே, விதிகளின் மற்றொரு பிரிவுக்குள் வருவதற்காக, அந்நிறுவனம் சில விமானங்களிலிருந்து பத்து இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒன்பது பேருடன் பறந்து பார்த்தது. அவ்வுபாயமும் நெடுநாள் கைகொடுக்கவில்லை.

சிற்றூர்களை வானவழியில் இணைக்க முற்படும் எந்த நாடும் இந்நிகழ்ச்சியைக் கருதிப் பார்க்க வேண்டும். ஓடுபாதை அமைப்பது, விமானம் வாங்குவது, கட்டணத்துக்கு மானியம் அளிப்பது ஆகியவற்றைப் பற்றி நம் திட்ட ஏடுகள் விரிவாகப் பேசுகின்றன. விமானியைப் பற்றி அவை பேசுவது குறைவு. அமெரிக்க அனுபவம் இவ்விடைவெளியை நிரப்பிக்கொள்ள உதவும்.

வட்டார நிறுவனம் என்பது யாது?

1978 அக்டோபரில் அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் மீதிருந்த வழித்தட, கட்டணக் கட்டுப்பாடுகளை நீக்கியது. பெரு நிறுவனங்கள் சில மைய நிலையங்களைத் தேர்ந்து அங்கே தம் பணிகளைக் குவித்தன. சுற்றியுள்ள சிறு நகரங்களிலிருந்து பயணிகளைத் திரட்டி அம்மையத்துக்குக் கொண்டுவரும் பணி வட்டார நிறுவனங்களிடம் விடப்பட்டது. பயணச்சீட்டில் பெரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். விமானத்தின் மீது அதன் வண்ணம் இருக்கும். ஆனால் உள்ளே அமர்ந்து செலுத்துபவர் வேறொரு நிறுவனத்தின் ஊழியர். பயணிகளிற் பெரும்பாலோர் இவ்வேறுபாட்டை அறியார். கொரோனாத் தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் அந்நாட்டின் விமானப் புறப்பாடுகளில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு இத்தகைய நிறுவனங்களுடையனவாக இருந்தன.

இவற்றின் வருவாய் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் வழி வருவது. கட்டணத்தையும் கால அட்டவணையையும் பெரு நிறுவனம் முடிவு செய்கிறது. எரிபொருட் செலவையும் பொதுவாக அதுவே ஏற்கிறது. வட்டார நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒவ்வொரு பறப்புக்கும் இவ்வளவு என்று பேசிய தொகை. ஒப்பந்தம் முடிவுறும்போது குறைந்த விலை கூறுபவரே வெல்வர். விமானத்தின் விலையும் எரிபொருளின் விலையும் கைக்கு அடங்காதவை. ஆகவே விலையைக் குறைக்கக் கைக்கு எட்டிய இனம் ஊழியர் ஊதியமே. மேலும், பெரு நிறுவனங்களின் விமானிச் சங்கங்கள் தம் உறுப்பினரின் வேலைகளைக் காக்கும்பொருட்டு, வெளியாரிடம் விடப்படும் விமானங்களின் அளவுக்கு வரம்பு கட்டியுள்ளன. 76 இருக்கைகள் என்பது இவ்வரம்புகளில் பலராலும் அறியப்பட்டது. எனவே பெரிய விமானத்தை வாங்கி, அதே இரு விமானிகளைக் கொண்டு அதிகப் பயணிகளை ஏற்றிச் செலவைப் பரப்பிக்கொள்ளும் வழியும் வட்டார நிறுவனத்துக்கு அடைபட்டுள்ளது.

குறைந்த ஊதியம் எவ்வாறு நிலைத்தது?

விமானிக்குத் திங்கள் ஊதியம் என்பது பெயரளவிலேயே உண்டு. விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் நிற்பது வரையுள்ள நேரமே கணக்கில் கொள்ளப்பட்டு மணிக்கு இவ்வளவு என வழங்கப்படுகிறது. இடைவேளையில் நிலையத்தில் காத்திருப்பதும், மூடுபனியால் தாமதமாவதும், புறப்படுமுன் விமானத்தைச் சோதிப்பதும் இம்மணிக்கணக்கிற் சேரா. திங்களுக்கு 75 மணி போன்ற ஓர் அளவு உறுதியளிக்கப்படும். மணிக்கு 24 டாலர் வீதம் இதனைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 21,600 டாலர் வரும். 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட்டார நிறுவனங்களில் புதிய துணை விமானியின் நிலை ஏறத்தாழ இதுவே. பயிற்சிக்கென அவர் கடன் வாங்கிய தொகை இதைப்போல் நான்கைந்து மடங்காக இருப்பதும் உண்டு.

இத்தகைய ஊதியத்துக்கு மக்கள் உடன்பட்டது ஏன்? விடை பணிமூப்பு முறையில் இருக்கிறது. ஊதியம், விடுமுறை, வழித்தடம், விமான வகை ஆகிய அனைத்தும் விமானி அந்நிறுவனத்தில் சேர்ந்த நாளைப் பொறுத்தவை. வேறு நிறுவனத்துக்குப் பெயர்ந்தால், இருபதாண்டு அனுபவமுடையவரும் வரிசையின் கடைசியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே இளம் விமானியின் நோக்கமெல்லாம் எவ்வளவு விரைவில் பெரு நிறுவனத்தின் வரிசையில் இடம்பிடிக்கலாம் என்பதே. வட்டார நிறுவனத்தில் கழிக்கும் ஆண்டுகளை அவர் பணியாகக் கருதாமல் பயிற்சியின் நீட்சியாகவே கருதினார். அங்கே இழக்கும் ஊதியம் பின்னர் முப்பதாண்டுகளில் வட்டியுடன் திரும்பும் என்பது கணக்கு. ஏணியின் மேற்படிகள் காலியாகிக்கொண்டிருக்கும் வரை இக்கணக்கு சரியே.

மேற்படிகள் காலியாகாமற் போன காலமும் வந்தது. 2007 டிசம்பரில் விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 60-லிருந்து 65-ஆக உயர்த்தப்பட்டது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு ஓய்வு பெறுவோர் மிகச் சிலரே. உடன் வந்த பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்துகொள்ள, பல துணை விமானிகள் அதே படியில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டனர். இளைஞர் பலர் இத்தொழிலின் பக்கம் திரும்பவே தயங்கினர். இன்று சேராத மாணவன் ஐந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே பற்றாக்குறையாக வெளிப்படுவான். இத்துறையில் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையேயுள்ள தொலைவு அத்தகையது.

பபலோ விபத்தும் 1,500 மணி விதியும்

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பபலோ நகருக்குச் சென்ற கோல்கன் நிறுவனத்தின் விமானம் தரையிறங்கும் முன் வீழ்ந்து, விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி ஆற்றிய எதிர்வினை தவறானது என்பது விசாரணையின் முடிபு. ஆயினும் பொதுமக்களின் உள்ளத்தைத் தைத்தது வேறொரு செய்தி. துணை விமானி நாட்டின் மேற்கு முனையிலுள்ள சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணியிடத்துக்கு வந்தவர். அவருடைய ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 16,000 டாலர் என விசாரணையின்போது கூறப்பட்டது. நிறுவனம் பின்னர் இதைவிட உயர்ந்த ஒரு தொகையைக் கூறிய போதிலும், பணியிடத்துக்கு அருகில் வாடகைக்குக் குடியிருக்கவும் இயலாத ஊதியத்தில் விமானம் செலுத்துவோர் உள்ளனர் என்பது அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது.

மாண்டோரின் குடும்பத்தினர் ஓயாது முயன்றதன் பயனாக 2010 ஆகஸ்டு முதல் நாளன்று ஒரு சட்டம் நிறைவேறிக் கையொப்பமாயிற்று. அதன்படி 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்கும் 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அதுவரை 250 மணி நேரமும் வணிக விமானி உரிமமும் இருந்தாற் போதும். படையில் பணியாற்றியோருக்கு 750 மணி, விமானவியலில் நான்காண்டுப் பட்டம் பெற்றோருக்கு 1,000 மணி, ஈராண்டுப் பட்டயம் பெற்றோருக்கு 1,250 மணி என்று சலுகைகள் அளிக்கப்பட்டன. பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதியைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளும் 1,500 மணிக்கு மேற்பட்ட அனுபவம் உடையவர்கள். ஆகவே நோய் ஒன்று, மருந்து வேறொன்று என வட்டார நிறுவனங்கள் வாதிடுகின்றன. பயிற்சி விமானத்தில் ஒரே வானத்தை ஓராயிரம் மணி நேரம் சுற்றிவருவதால் பனியிலும் இரவிலும் பெரிய விமானத்தைச் செலுத்தும் திறன் வந்துவிடாது என்னும் அவர்களது கூற்றிலும் உண்மை உண்டு. விமானிச் சங்கங்களும் குடும்பத்தினரும், விதி வந்த பின் வட்டார நிறுவனங்களில் அத்தகைய பேரழிவு பல ஆண்டுகளாக நேராமையைச் சான்றாகக் காட்டிவந்தனர். ரிபப்ளிக் நிறுவனம் தன் பயிற்சிப் பள்ளியில் தேறியோருக்கு 750 மணி போதும் என விலக்குக் கோரியபோது, 2022 செப்டம்பரில் அரசு அதனை மறுத்துவிட்டது. பாதுகாப்பை ஒதுக்கிவைத்துப் பொருளியல் நோக்கில் மட்டும் பார்த்தால் விதியின் விளைவு ஐயத்துக்கிடமற்றது: உரிமம் பெற்ற இளைஞருக்கும் முதல் வேலைக்கும் இடையே, பெரும்பாலும் பயிற்றுநராகவே கழிக்கவேண்டிய, ஓரிரண்டு ஆண்டு இடைவெளி எழுந்தது. விமானிகளின் வரத்து சுருங்கியது. அதனால் அவர்களுடைய பேரம் பேசும் வலிமை உயர்ந்தது.

ஊக்கத்தொகைக் காலம்

2014-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, கேட்கப்பட்ட 12 வட்டார நிறுவனங்களுள் 11, தாம் குறித்த எண்ணிக்கையில் புதிய விமானிகளைச் சேர்க்க இயலவில்லை எனத் தெரிவித்தன. உரிமம் உடையோர் நாட்டில் இருக்கின்றனர். இந்த ஊதியத்துக்கு வருவோர்தாம் இல்லை என்று விமானிச் சங்கம் பதிலிறுத்தது. இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

ஊதியத்தை உயர்த்துவதற்கு மாறாக நிறுவனங்கள் முதலில் கையாண்டது சேர்க்கை ஊக்கத்தொகை. சேர்ந்தவுடன் ஒரு பகுதி, பயிற்சி முடிந்ததும் ஒரு பகுதி, ஓராண்டு நிறைந்ததும் ஒரு பகுதி எனப் பிரித்து அளிப்பர்; குறித்த காலத்துக்குமுன் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டும். நிர்வாகத்தின் கண்ணோட்டத்தில் இதற்குப் பல வசதிகள் உண்டு. ஊதிய விகிதம் ஒருமுறை உயர்ந்தால் இறங்காது. ஊக்கத்தொகையையோ சந்தை தளர்ந்ததும் நிறுத்திவிடலாம். ஊதியம் உயர்ந்தால் வரிசையிலுள்ள அனைவருக்கும் உயர வேண்டும். ஊக்கத்தொகை புதியவருக்கு மட்டுமே. ஒப்பந்தத் தொகை பல ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கையில், இவ்வேறுபாடு மிகப் பெரிது.

ஆனால் இதே வசதிகள் அதன் குறைகளும் ஆயின. ஐந்தாண்டு உழைத்தவர் தமக்குக் கிட்டாத தொகையை நேற்று வந்தவர் பெறக் கண்டார். எல்லா நிறுவனங்களும் ஒரே சமயத்தில் ஊக்கத்தொகை அளிக்கவே, அது விமானிகளின் எண்ணிக்கையைப் பெருக்காமல் அவர்களை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்த்தியது. பதினேழு வயது மாணவன் இத்தொழிலைத் தேர்வதா என எண்ணும்போது அவன் பார்ப்பது அடிப்படை ஊதியத்தையே. இரண்டாண்டுக்குப்பின் இருக்குமோ இராதோ என்னும் தொகையை நம்பி எவரும் ஒரு இலட்சம் டாலர் கடன் வாங்கமாட்டார்.

இதனினும் பயனுள்ளவையாகத் தோன்றும் வேறு முறைகளும் கையாளப்பட்டன. எரிபொருள் விலையையும் ஆசிரியர் கட்டணத்தையும் நிறுவனமே திருப்பியளிப்பது ஒன்று. படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு நிலைத்த இறக்கை விமானத்தில் வேண்டிய மணிகளை நிறைவு செய்ய உதவி, அவர்களைச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. மூன்றாவது, எல்லாவற்றினும் வலியது: குறித்த ஆண்டுகள் பணியாற்றினால் தாய் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வின்றியே இடம் தருவதாக உறுதி கூறுவது. இது பணமாக எதையும் அளிப்பதில்லை. விமானி விரும்பும் ஒன்றையே, அதாவது வரிசையில் இடத்தை, அளிக்கிறது. அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. ஆகியவை இம்முறையை விரிவாகப் பயன்படுத்தின.

எனினும் 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் நிறுவனம் விமானிப் பற்றாக்குறையைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி நொடிப்புக் காப்பு நாடியது. 2017 கோடையில் ஹொரைசன் நிறுவனம் அதே காரணத்தால் பறப்புகளை நீக்கியது.

2022-இன் திருப்பம்

2020-இல் கொரோனாத் தொற்று பரவியதும் பெரு நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குத் தொகை அளித்து முன்னதாகவே ஓய்வு பெறச் செய்தன. பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பினர். ஓய்வு பெற்றோரின் இடங்களை நிரப்பப் பெரு நிறுவனங்கள் கைநீட்டிய இடம் வட்டார நிறுவனங்களே. பறக்கத் தகுதியுள்ள விமானங்கள் செலுத்துவோரின்றி நின்றன. யுனைடெட் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ நூறு வட்டார விமானங்கள் அவ்வாறு நிற்பதாக அறிவித்தது.

2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்கள் துணை விமானியின் தொடக்க ஊதியத்தை மணிக்கு 90 டாலராகவும், தலைமை விமானியின் தொடக்க ஊதியத்தை 146 டாலராகவும் உயர்த்தின. இவற்றுள் மூன்றில் ஒரு பகுதி 2024 ஆகஸ்டு வரைக்குமான தற்காலிக மேலூதியம் எனப்பட்டது. ஆகஸ்டில் மேசா நிறுவனம் துணை விமானிக்கு 100 டாலர் என அறிவித்தது. முன் கூறிய 75 மணிக் கணக்கின்படி, 90 டாலர் வீதம் ஆண்டுக்கு 81,000 டாலர். எட்டாண்டுகளுக்கு முன்பிருந்த 21,600 டாலருடன் இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். பெரு நிறுவனங்களும் பின்தங்கவில்லை. 2023 மார்ச்சில் டெல்ட்டா, நான்காண்டுகளில் மொத்தம் 34 விழுக்காட்டு உயர்வுக்கு ஒப்பந்தம் செய்தது.

ஊதியம் உயர்ந்ததும் துணை விமானிகள் வரத் தொடங்கினர். இப்போது முட்டுக்கட்டை வேறிடத்தில் தோன்றியது. தலைமை விமானியாவதற்கு நிறுவன விமானங்களில் 1,000 மணி நேரம் துணையாகப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அத்தகுதி பெறும் தறுவாயில் பெரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. துணை விமானிகள் பத்துப் பேர் இருந்தாலும் தலைமை விமானி இல்லையேல் விமானம் நகராது. தகுதியுள்ள தலைமை விமானியை நேரடியாகச் சேர்க்க அளிக்கப்பட்ட ஊக்கத்தொகைகள் ஒரு இலட்சம் டாலரைத் தொட்டது இக்காரணத்தாலேயே. 2024-இல் பெரு நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு தளர்ந்த பின்னரே இந்நெருக்கடி தணியலாயிற்று.

சிறு விமானத்தின் கணக்கு

இவ்வுயர்வின் சுமை யார் மீது விழுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். இரு விமானிகளின் ஊதியம் மணிக்கு 90, 146 ஆக மொத்தம் 236 டாலர். 76 இருக்கை விமானத்தில் இது இருக்கைக்கு 3 டாலர் 11 சென்ட். 50 இருக்கை விமானத்தில் 4 டாலர் 72 சென்ட். 19 இருக்கை விமானத்தில் 12 டாலர் 42 சென்ட். பெரு நிறுவனத்தில் இருவரின் ஊதியம் 500 டாலர் என்று கொண்டாலும், 180 இருக்கை விமானத்தில் அது இருக்கைக்கு 2 டாலர் 78 சென்டே. விமானி எத்தனை பேரைச் சுமந்து சென்றாலும் இருவரே வேண்டும். ஆகவே ஊதிய உயர்வு விமானத்தின் அளவுக்கு எதிர்விகிதத்தில் தாக்குகிறது. உயர்வு நியாயமானது என்பதில் ஐயமில்லை. அதன் விலையைக் கொடுத்தவை சிற்றூர்கள் என்பதிலும் ஐயமில்லை.

2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், அரசு மானியம் பெறும் 29 சிற்றூர்களுக்கான சேவையை விட்டுவிட விரும்புவதாக அறிவித்தது. கூறிய காரணம் விமானிப் பற்றாக்குறை. மாற்று நிறுவனம் கிட்டும்வரை தொடருமாறு அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. மானியத்தால் நட்டத்தை ஈடுசெய்யலாம். இல்லாத தலைமை விமானியை மானியத்தால் ஓராண்டில் உண்டாக்க இயலாது.

இந்திய நிலை

நம் நாட்டில் வட்டார விமானச் சேவை புதிதன்று. வடகிழக்கு மாநிலங்களை முன்னிட்டு 1981-இல் வாயுதூத் தொடங்கப்பட்டது. 1993-இல் அது இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் எனக் கட்டணத்துக்கு உச்ச வரம்பிட்டு, நட்டத்தை ஈடுசெய்ய மூன்றாண்டு உதவி அளிக்கப்பட்டது. தலைமைத் தணிக்கையரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன. அவற்றுள் 112 மூன்றாண்டை நிறைவு செய்தன. அதற்கு மேலும் நீடித்தவை 54. நிலம், ஓடுபாதை, விமானக் குத்தகை எனக் காரணங்கள் பல. சென்னை - சேலம் வழியில் 2018 மார்ச்சில் சேவை தொடங்கிய ட்ரூஜெட், 2022-இல் பறப்பதையே நிறுத்திவிட்டது. சேலம் மக்கள் 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் துணை விமானியாவதற்கு 1,500 மணி தேவையில்லை. 200 மணி நேரப் பறப்புடன் வணிக விமானி உரிமம் பெற்று, குறிப்பிட்ட விமான வகையில் பயிற்சியும் முடித்தவர் சேரலாம். ஆகவே உரிமம் பெற்றோர் இங்கே குறைவல்லர். 2023-இல் மட்டும் 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அவர்களுள் பலர் 50 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டு வேலையின்றிக் காத்திருக்க, மறுபுறம் தலைமை விமானிகளுக்காக நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. வெளிநாட்டு விமானிகளுக்குத் தற்காலிக அனுமதி அளித்தும் இடத்தை நிரப்பியுள்ளனர். பற்றாக்குறையும் வேலையின்மையும் ஒரே வரிசையின் இரு முனைகளில் ஒருங்கே நிற்கும் காட்சி இது. 

அமெரிக்கர் பணத்தைக் கொண்டு கட்டிப்போட முயன்றதை, நாம் பெரும்பாலும் விதியைக் கொண்டு செய்ய முயன்றுள்ளோம். 2017 ஆகஸ்டில் தலைமை விமானிக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு திங்கள் என முன்னறிவிப்புக் காலம் விதிக்கப்பட்டது. பயிற்சிச் செலவுக்கு ஈடாகப் பிணைமுறியும் எழுதி வாங்கப்படுகிறது. 2023-இல் ஆகாசா நிறுவனத்தின் விமானிகள் 43 பேர் அக்காலத்தை நிறைவு செய்யாமல் விலகியதும், நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியதும், இம்முறையின் எல்லையைக் காட்டின. பறப்புகளை நீக்கும் நாளில் வழக்கு உதவுவதில்லை.

விமானியின் களைப்பைத் தடுக்கும் பொருட்டு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியில் வெளியிடப்பட்டு 2025-இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பறப்புகளை நீக்கியதையும், சில விதிகளிலிருந்து அதற்கு 2026 பிப்ரவரி வரை விலக்கு அளிக்கப்பட்டதையும் நாடு கண்டது. பெரு நிறுவனத்துக்கு விமானி போதாதபோது அது தேடும் இடங்களில் ஒன்று, டர்போபிராப் விமானம் செலுத்தும் சிறு நிறுவனம். அங்கே ஐந்து தலைமை விமானிகள் விலகினால் ஒரு மாவட்டத் தலைநகரின் விமானமே நின்றுவிடும்.

உடான் உதவி மூன்றாண்டுகளுக்கு உரியது. 200 மணியுடன் இன்று சேரும் துணை விமானி ஆண்டுக்கு 700 மணி பறந்தாலும், 1,500 மணியை எட்ட ஈராண்டுக்குச் சற்றுக் குறைவாகும். தேர்வுகளும் தலைமைப் பயிற்சியும் முடிந்து இடப்பக்க இருக்கையில் அமர மூன்றாண்டு ஓடிவிடும். அதாவது, ஒரு வழித்தடத்தில் பழகிய விமானி தலைமை ஏற்கும் தகுதியைப் பெறும் அதே திங்களில் அவ்வழித்தடத்தின் மானியம் முடிகிறது. அவருக்கோ பெரு நிறுவனத்தின் கதவு திறக்கிறது. மானியக் காலத்தின் நீளத்தை முடிவு செய்யும்போது பயணிகளின் எண்ணிக்கையோடு இக்கணக்கையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்வது அலுவலர்களுக்குக் கடினமாக இராது. மானியத்தில் ஒரு பகுதியை இருக்கைக்கு அளிக்காமல், தலைமை விமானியாக உயர்ந்த பின்னும் ஈராண்டு அதே வழித்தடத்தில் நிலைப்போரின் ஊதியத்துக்கு அளிக்கலாமா என்பதும் ஆராயத்தக்கது.